34-ஆம் பிரிவு மனு: கட்டுமானத் தகராறில் கிடைத்த நடுவர் தீர்ப்பில் எந்தத் தொகை நிற்கும்?

கேள்வி: பாலப்பணி ஒப்பந்ததாரர்

வணக்கம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்காக 14 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு பாலத்தையும் அதன் இருபுற அணுகுசாலையையும் கட்டித் தரும் பணியை எடுத்திருந்தேன். 18 மாதங்களில் முடிய வேண்டிய பணி 31 மாதங்கள் இழுத்தது. நிலத்தைத் துண்டு துண்டாக ஒப்படைத்தார்கள், அடித்தள வரைபடத்தை இருமுறை மாற்றினார்கள், மின்கம்பங்களை அகற்றித் தருவதற்கு மட்டும் ஏழு மாதங்கள் எடுத்துக்கொண்டார்கள். கால நீட்டிப்பு கொடுத்த ஒவ்வொரு கடிதத்திலும் தாமத இழப்பீடு விதிக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்ற ஒரு வரியைச் சேர்த்து, கடைசியில் இறுதிப் பட்டியலிலிருந்து ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, அதாவது 70 லட்சம் ரூபாயைப் பிடித்தமும் செய்துவிட்டார்கள்.

நடுவர் ஒருவர் மூன்றாண்டுகள் விசாரித்து எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கூடுதல் வேலைகளுக்கு 62.40 லட்சம், பிடித்த தாமத இழப்பீட்டைத் திருப்பித் தர 70 லட்சம், நீண்டுபோன 13 மாதங்களுக்கான மேற்செலவாக (அலுவலகம், ஊழியர் போன்ற நிலையான செலவுகள்) 80.89 லட்சம், விலையேற்றத்துக்காக 48.25 லட்சம், ஆக மொத்தம் 261.54 லட்சம், இதன் மேல் நடுவர் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. இலாப இழப்புக்காக நான் கேட்ட 90 லட்சத்தை மட்டும் ஆதாரம் போதவில்லை என்று மறுத்துவிட்டார்.

கையொப்பமிட்ட தீர்ப்பின் நகல் இரு தரப்புக்கும் 10.03.2025 அன்று கிடைத்தது. நிறுவனம் அதை ரத்து செய்யக் கோரி நடுவர் சட்டத்தின் 34-ஆம் பிரிவின் கீழ் 09.07.2025 அன்று உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனுவும், தீர்ப்பை நிறுத்திவைக்க ஒரு மனுவும் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தத்தில் விலையேற்றம் கிடையாது என்றும், எந்தத் தொகைக்கும் வட்டி கிடையாது என்றும் இரண்டு சரத்துகள் இருப்பது உண்மை. மனுவில் அவற்றைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.

என் கணக்குப்படி 121 நாட்கள் ஆகிவிட்டன. 120 நாட்களுக்கு மேல் நீதிமன்றமே நினைத்தாலும் மன்னிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் மனு அந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிடுமா? விழாது என்றால், எந்தெந்தத் தலைப்புகள் ஆபத்தில் இருக்கின்றன? மறுக்கப்பட்ட 90 லட்சத்தை இதே வழக்கில் நான் கேட்டுப் பெற முடியுமா?


பதில் 1: வழக்கறிஞர், உரிமையியல் மற்றும் வணிக வழக்குகள்

முதலில் நாள் கணக்கு. தங்களுக்கு வருத்தம் தரும் பதில்தான். 1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 34(3)-ஆவது உட்பிரிவு மூன்று மாதங்கள் என்கிறதே தவிர 90 நாட்கள் என்று சொல்லவில்லை; அதற்குப் பின் போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாட்கள், அதற்கு மேல் கிடையாது. மாதத்தை நாட்காட்டி மாதமாகத்தான் எண்ண வேண்டும் என்பதை இமாச்சலப் பிரதேச அரசுக்கும் இமாச்சல் டெக்னோ எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியது. தங்கள் வழக்கில் மூன்று மாதங்கள் 10.06.2025 அன்று முடிகின்றன. அடுத்த 30 நாட்கள் 10.07.2025 வரை ஓடுகின்றன. அவர்கள் ஒரு நாள் மீதம் இருக்கையில் வந்துவிட்டார்கள். 11-ஆம் தேதி வந்திருந்தால், 2001-இல் பாப்புலர் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் சொல்லப்பட்டபடி காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவைக்கூடக் காட்டித் தப்பித்திருக்க முடியாது. இப்போது 29 நாள் தாமதத்துக்கு அவர்கள் காட்டும் காரணம் போதுமானதா என்று மட்டுமே தாங்கள் வாதிடலாம். அந்த வாதத்தை வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்தது, 34-ஆம் பிரிவு மேல்முறையீடு அல்ல. சாட்சியத்தை நீதிபதி மறுபடி எடைபோட்டு, நடுவர் சொன்னதைவிட நல்ல முடிவு ஒன்று இருக்கிறது என்று சொல்லும் இடம் அது இல்லை. 2015 திருத்தம் சேர்த்த 34(2அ) உட்பிரிவு, உள்நாட்டுத் தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் சட்டவிரோதம் இருந்தால் ரத்து செய்யலாம் என்று அனுமதித்துவிட்டு, சட்டத்தைத் தவறாகப் பொருத்தியதாலோ சாட்சியத்தை மறுமதிப்பீடு செய்தோ ரத்து செய்யக் கூடாது என்று அதற்கு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. அளவையும் தரத்தையும் பொறுத்தவரை சாட்சியத்தின் எசமானர் நடுவரே என்பது, தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக அசோசியேட் பில்டர்ஸ் நிறுவனம் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. அதுவும் வீடு கட்டும் பணி தாமதமானதில் எழுந்த தகராறுதான்.

இந்த வெளிச்சத்தில் தங்கள் தலைப்புகளைப் பார்க்கிறேன். கூடுதல் வேலைக்கான 62.40 லட்சம், வேலை அளவைப் புத்தகத்தில் ஏறியிருக்குமானால், முழுக்க உண்மை சார்ந்த முடிவு. அதை அசைப்பது மிகக் கடினம். தாமத இழப்பீட்டைப் பற்றி, தாமதத்தின் அளவை முடிவு செய்யும் அதிகாரம் நிறுவனத்தின் பொறியாளருக்கே உரியது, நடுவர் அதில் தலையிட முடியாது என்று வாதிடுவார்கள். குவாஹாட்டி விமான நிலையப் பணி குறித்த ஜே.ஜி. எஞ்சினியர்ஸ் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஒப்பந்தத்தை மீறியவர் யார் என்பதை ஒப்பந்தத்தின் ஒரு தரப்பே தீர்மானித்துக்கொள்ள முடியாது, அந்தக் கேள்வி நடுவருக்கு உரியது, மீறியவர் தாங்கள் அல்ல என்று ஆகிவிட்டால், எத்தனை விழுக்காடு பிடிப்பது என்ற பேச்சே எழாது.

வட்டியில்தான் எனக்கு அச்சம். 31(7)(அ) உட்பிரிவு, தரப்பினர் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் என்ற சொற்களோடு தொடங்குகிறது. ஒப்பந்தம் வட்டியைத் தடை செய்தால் நடுவர் தீர்ப்பு நாள் வரைக்குமான வட்டியைத் தர முடியாது என்பதை ஸ்ரீ காமாட்சி அம்மன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில் 2010-இல் ரயில்வே ஒப்பந்தச் சரத்தை வைத்தும், கார்க் பில்டர்ஸ் வழக்கில் 2021-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் சரத்தை வைத்தும் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்புத்தொகைக்கு மட்டும் வட்டி இல்லை என்று சரத்து சொல்கிறதா, ஒப்பந்தத்தின் கீழ் செலுத்த வேண்டிய எந்தத் தொகைக்கும் இல்லை என்கிறதா என்று எழுத்தெண்ணிப் படியுங்கள். இரண்டாவது வகை என்றால் அந்த 12 விழுக்காடு நிற்காது. தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி வேறு கதை; அது 31(7)(ஆ) உட்பிரிவின் கீழ் சட்டமே தருவது, ஒப்பந்தச் சரத்து அதைத் தொடாது.

விலையேற்றத்துக்கான 48.25 லட்சத்தையும் நான் பலவீனமான தலைப்பாகவே கருதுகிறேன். கிடையாது என்று ஒப்பந்தம் சொல்வதை நடுவர் உண்டு என்று மாற்றினால், அவர் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுகிறார் என்றே நீதிமன்றம் பார்க்கும். தூத்துக்குடித் துறைமுகத்தின் பி.எஸ்.ஏ. சிகால் வழக்கில் 2021-இல் நடந்தது அதுதான்: உரிமக் கட்டண முறையை வருவாய்ப் பங்கு முறையாக மாற்றிய நடுவர் தீர்ப்பு, ஒரு தரப்பின் சம்மதமில்லாமல் புது ஒப்பந்தத்தை உருவாக்கியது என்பதால் ரத்தானது.

ஒன்று கேட்க வேண்டும்: நடுவரை நியமித்தது யார்? நிறுவனத்தின் தலைவர் தானாக நியமித்திருந்தால், யார் நடுவராக இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்லும் 12(5) உட்பிரிவு என்ற பெரிய குழி இருக்கிறது. நியமித்தவரே பின்னால் வந்து அந்த நியமனம் செல்லாது என்று சொல்லி வெற்றி பெற்றதை பாரத் பிராட்பேண்ட் வழக்கில் 2019-இல் பார்த்தோம்.


பதில் 2: ஓய்வுபெற்ற கண்காணிப்புப் பொறியாளர்

நான் வழக்கறிஞர் அல்லன். பல ஆண்டுகள் அரசுத் தரப்பில் உட்கார்ந்து இத்தகைய கோப்புகளைப் பார்த்தவன், ஓய்வுக்குப் பின் சில தகராறுகளில் நடுவராகவும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். துறைகள் 34-ஆம் பிரிவு மனுவைப் போடுவது எல்லா நேரமும் வெற்றி பெறும் நம்பிக்கையில் அல்ல. எதிர்த்துப் பார்க்காமல் ஏன் பணத்தைக் கொடுத்தாய் என்று நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர், கையொப்பமிட்ட அதிகாரி. ஆகவே மனு வந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம்.

மேலே வழக்கறிஞர் ஐயா மேற்செலவுத் தலைப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான். மேற்செலவு விகிதமாக 14 கோடியில் 8 விழுக்காடு என்று எடுத்தால் 1.12 கோடி; அதை 18 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 6.222 லட்சம், 13 மாதங்களுக்குப் பெருக்கினால் 80.89 லட்சம். பைசா பிசகாமல், தாமதக் கால மேற்செலவைக் கணக்கிடும் ஹட்சன் சூத்திரம். சூத்திரத்தைப் பயன்படுத்தியதில் தவறில்லை. ஹட்சன், எம்டன், ஐக்லி ஆகிய மூன்றில் எதைக் கையாள்வது என்பது நடுவரின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று மெக்டெர்மாட் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் சூத்திரம் கணக்கிடும் கருவிதான், இழப்பு நேர்ந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. 8 விழுக்காடு எங்கிருந்து வந்தது? தங்கள் நிறுவனத்தின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கிலிருந்தா, டெண்டரோடு கொடுத்த விலைப் பகுப்பாய்விலிருந்தா, அல்லது நடுவரே நியாயமாகத் தோன்றுகிறது என்று எடுத்துக்கொண்டாரா? முதல் இரண்டும் என்றால் பயமில்லை. மூன்றாவது என்றால், சாட்சியமே இல்லாத முடிவு என்ற குற்றச்சாட்டுக்கு இடம் கொடுத்ததாகும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அதே 13 மாதங்களில் 62.40 லட்சத்துக்குக் கூடுதல் வேலை செய்திருக்கிறீர்கள். அந்த வேலைகளின் விலை விகிதத்துக்குள்ளேயே மேற்செலவும் இலாபமும் அடங்கியிருக்கும். ஆகவே ஒரே செலவை இருமுறை கொடுத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பில் விவரம் தெரிந்த ஒரு பொறியாளர் இருந்தால் எழுதிக்கொடுத்திருப்பார். மனுவில் அது இருக்கிறதா பாருங்கள். நடுவர் முன் எழுப்பாத வாதமாக இருந்தால், இப்போது புதிதாக எழுப்புகிறார்கள் என்று சொல்லுங்கள். 2019 திருத்தத்துக்குப் பின், 34(2)(அ) பிரிவில் வரும் காரணங்களை நடுவர் மன்றத்தின் ஆவணங்களைக் கொண்டே காட்ட வேண்டும். புதிய அளவை அறிக்கையோ புதிய உறுதிமொழியோ கொண்டுவந்து சேர்ப்பது எளிதல்ல.

தீர்ப்பில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். எங்கள் பக்கத்திலிருந்து வரும் நடுவர்களுக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இரு தரப்பு வாதத்தையும் முப்பது பக்கம் எடுத்தெழுதிவிட்டு, அனைத்தையும் பரிசீலித்ததில் இந்தத் தொகை நியாயமானது என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். டைனா டெக்னாலஜிஸ் நிறுவனத்துக்கும் கிராம்ப்டன் கிரீவ்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கைப் படியுங்கள். நடுவர் 1998-இல், உற்பத்தித் திறன் வீணானதற்காக 27,78,125 ரூபாய் கொடுத்தார். வாதம் எது, முடிவு எது என்று பிரித்தறிய முடியாதபடி தீர்ப்பு இருந்ததால் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தலைப்பை ரத்து செய்தது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்த வழக்கு என்பதால், மறுபடியும் நடுவரிடம் அனுப்பாமல் 30 லட்சம் கொடுத்து முடித்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் ஒப்பந்ததாரருக்குக் கைக்கு வந்தது எவ்வளவு குறைவு என்பது விளங்கும்.

விலையேற்றத்தில் வழக்கறிஞர் ஐயாவோடு நான் உடன்படவில்லை. ஒப்பந்தக் காலமான 18 மாதங்களுக்கு விலையேற்றம் இல்லை என்பதை ஏற்றுத்தான் ஒப்பந்ததாரர் விலை கொடுத்தார்; துறையின் தவறால் நீண்ட 13 மாதங்களுக்கும் அதே சரத்து பாயுமா என்பது தனிக் கேள்வி. கேரள அரசுக்கு எதிராக கே.என். சத்தியபாலன் நடத்திய வழக்கில், ஒரு தரப்பு தன் கடமையைச் செய்யாததால் மறு தரப்புக்கு ஏற்பட்ட கூடுதல் செலவை, விலையேற்றச் சரத்து இல்லாதபோதும் நடுவர் ஈடுசெய்யலாம் என்று 2006-இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே 48.25 லட்சத்தை நடுவர் எந்தப் பெயரில் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். விலை மாற்றச் சரத்தின்படி என்று எழுதியிருந்தால் இல்லாத சரத்தை உண்டாக்கியவர் ஆவார். ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு, அதை அளவிட மொத்த விலைக் குறியீட்டைப் பயன்படுத்துகிறேன் என்று எழுதியிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவுக்குள் நிற்கிறார். ஒரே தொகை, ஒரே கணக்கு. ஆனால் ஒன்று விழும், மற்றொன்று நிற்கும்.

குறியீட்டு எண்களை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு எதிரான சாங்யாங் வழக்கில், ஆவணத்தில் இல்லாத அரசு வழிகாட்டுதலை நடுவர்களில் பெரும்பான்மையினர் தாங்களாகவே இணையதளத்திலிருந்து எடுத்து, ஒப்பந்ததாரருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். அதன் மேல் பேச அவருக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதால் 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, சிறுபான்மை நடுவரின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அங்கே அது ஒப்பந்ததாரருக்கு உதவியது. அதே கத்தி இங்கே தங்களுக்கு எதிராகவும் வெட்டும்.


கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தீர்ப்பை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடுவரை 11-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றமே நியமித்தது. ஆகவே அந்தக் குழி இல்லை என்று எண்ணுகிறேன். விலையேற்றத்தைப் பற்றிய பத்தியில், மூல ஒப்பந்தக் காலத்துக்கு எந்தத் தொகையும் தரப்படவில்லை என்று சொல்லிவிட்டு, எதிர்மனுதாரரின் (நிறுவனத்தின்) மீறலால் நீண்ட காலத்தில் மனுதாரர் (நான்) அடைந்த இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு என்றுதான் தொடங்குகிறார். குறியீட்டு எண்களை என் கோரிக்கை மனுவின் இணைப்பில் நானே கொடுத்திருந்தேன். எதிர்த்தரப்பு சரத்தைக் காட்டி மறுத்ததே தவிர எண்களை மறுக்கவில்லை. பணிக்கு நேர்ந்த தடைகளைக் குறித்துவைக்கும் தடைப் பதிவேட்டில் அவர்களுடைய உதவிப் பொறியாளரின் கையொப்பம் மாதந்தோறும் இருக்கிறது.

8 விழுக்காடு விஷயத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. மூன்று ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்திருந்தேன். அவற்றில் சராசரி 9 விழுக்காட்டுக்கு மேல் வந்தது. நடுவர், கணக்குகளைப் பார்வையிட்டேன், 8 விழுக்காடு ஏற்கத்தக்கது என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஏன் 9 இல்லை, ஏன் 8 என்பதற்கு விளக்கம் இல்லை. வட்டித் தடைச் சரத்து, வழக்கறிஞர் ஐயா சொன்ன இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான்.

வட்டி ஒன்று போனால் முழுத் தீர்ப்பும் போய்விடுமா? தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டால் எத்தனை ஆண்டுகள் பணமில்லாமல் காத்திருக்க வேண்டும்? வங்கிக் கடனுக்கு மாதந்தோறும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.


பதில் 3: நடுவர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அடுத்த விசாரணையில் தங்களுக்குத் தேவைப்படுவது அதுதான். 2015-க்கு முன் 34-ஆம் பிரிவு மனு தாக்கலானவுடனேயே தீர்ப்பின் நிறைவேற்றம் தானாக நின்றுவிடும். அந்த நிலை இப்போது இல்லை. 36-ஆவது பிரிவின்படி தனி மனு போட்டு, நீதிமன்றம் காரணம் பதிவு செய்து உத்தரவிட்டால் மட்டுமே நிற்கும். பணத் தீர்ப்பு என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பணம் செலுத்தும் தீர்ப்பாணையை நிறுத்தப் பின்பற்றும் விதிகளையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய நிலையை மீண்டும் கொண்டுவர 2019-இல் சேர்த்த 87-ஆவது பிரிவை, அதே ஆண்டு ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

நாங்கள் அரசு நிறுவனம், எங்கும் ஓடிவிட மாட்டோம், ஆகவே எதையும் கட்டச் சொல்லக் கூடாது என்று வாதிடுவார்கள். பாம் டெவலப்மெண்ட்ஸ் வழக்கில் மேற்கு வங்க அரசு வைத்த அந்த வாதம் 2019-லேயே எடுபடவில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் தூர்வாரும் பணித் தகராறு இன்னும் நெருக்கமான உதாரணம்: வங்கி உத்தரவாதம் போதும் என்றிருந்ததை 2024-இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, வட்டியோடு சேர்ந்த தொகையில் 75 விழுக்காட்டைப் பணமாகவே கட்டச் சொன்னது. எதிர்த்தரப்பு அரசு சார்ந்தது என்பதால் பாதுகாப்பின் வடிவம் மாறக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆகவே நிறுத்திவைப்பு மனுவுக்குப் பதிலுரை போடும்போதே, கட்டப்படும் தொகையை வங்கி உத்தரவாதம் கொடுத்து எடுத்துக்கொள்ளத் தங்களுக்கு அனுமதி வேண்டும் என்றும் கேளுங்கள். எதிர்க்கப்படும் நடுவர் தீர்ப்புகளில் 75 விழுக்காட்டை வங்கி உத்தரவாதத்தின் பேரில் ஒப்பந்ததாரருக்கு விடுவிக்கலாம் என்று 2016-இல் மத்திய அரசே முடிவெடுத்தது. நிறுவனத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி அதையும் கோருங்கள், நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் உதவும்.

பணத்தை எடுத்த பின் ஒரு எச்சரிக்கை. தில்லி விமான நிலைய மெட்ரோ வழக்கில் 2017-இல் வந்த சுமார் 2,782 கோடி ரூபாய் நடுவர் தீர்ப்பை 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு 2024 ஏப்ரலில் சீராய்வையும் தாண்டிய குறைதீர் மனுவில், பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழ் என்ற முக்கிய ஆவணத்தை நடுவர்கள் கருத்தில் கொள்ளவில்லை என்று அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, அதுவரை செலுத்தப்பட்ட தொகையைத் திருப்பித் தரச் சொன்னது. அத்தனை தூரம் போகும் வழக்குகள் அரிது. இருந்தாலும் எடுத்த பணத்தை முழுவதும் வேறு பணியில் முடக்கிவிட வேண்டாம்.

வட்டி போனால் எல்லாம் போகாது. பிரிக்கக்கூடிய பகுதியை மட்டும் நீக்கலாம். காயத்ரி பாலசாமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 30.04.2025 அன்று, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இதை உறுதி செய்ததோடு, கணக்குப் பிழை, எழுத்துப் பிழை, தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி போன்ற சிலவற்றைத் திருத்தவும் நீதிமன்றத்துக்கு வரம்புள்ள அதிகாரம் உண்டு என்றது. அதற்கு முன், 2021-இல் ஹக்கீம் வழக்கில் திருத்தும் அதிகாரமே இல்லை என்று சொல்லப்பட்டிருந்தது. தங்கள் தீர்ப்பு தலைப்பு தலைப்பாக எழுதப்பட்டிருப்பதால் வட்டியைத் தனியே வெட்டியெடுக்க முடியும். நான் தங்கள் இடத்தில் இருந்தால், நடுவர் தீர்ப்பு நாள் வரைக்குமான வட்டியை நீதிமன்றத்தில் முரட்டுத்தனமாகத் தாங்கிப் பிடிக்க மாட்டேன். தோற்கப்போகும் வாதத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், மற்றத் தலைப்புகளின் மேலும் நீதிபதிக்குச் சந்தேகம் பரவும்.

8 விழுக்காட்டைப் பற்றி: கணக்குகள் ஆவணத்தில் இருக்கின்றன, நடுவர் அவற்றைப் பார்த்ததாகச் சொல்கிறார், கொடுத்தது கணக்கு காட்டும் அளவைவிடக் குறைவு. ஆகவே சாட்சியமே இல்லை என்ற குற்றச்சாட்டு நிற்காது. காரணம் சுருக்கமாக இருக்கிறது என்பதுதான் குறை. அதற்கு 34(4) உட்பிரிவு ஒரு வழி தருகிறது. விசாரணையை ஒத்திவைத்து, குறையைச் சரிசெய்ய நடுவருக்கு வாய்ப்பளிக்கும்படி தரப்பினர் ஒருவர் கேட்கலாம். ஆனால் அதைத் தாங்களேதான் கேட்க வேண்டும். நீதிமன்றம் தானாகச் செய்யாது, தீர்ப்பு ரத்தான பின் கேட்கவும் முடியாது. ஒரு பிரச்சினையின் மேல் முடிவே சொல்லாமல் விட்டிருந்தால் இந்த வழி உதவாது என்று 2022-இல் ஐ-பே வழக்கில் சொல்லப்பட்டது. முடிவு இருந்து காரணம் மட்டும் குறைவாக இருந்தால் உதவும். தங்கள் நிலை இரண்டாவது. முதல் பதிலுரையிலேயே மாற்றுக் கோரிக்கையாக இதை எழுதிவைத்துவிடுங்கள்.

மறுக்கப்பட்ட 90 லட்சம் இந்த வழக்கில் வராது. தாங்களும் அதே கெடுவுக்குள் தனியாக ஒரு 34-ஆம் பிரிவு மனு போட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு மனுவுக்குள்ளேயே எதிர்க்கோரிக்கை வைக்கும் ஏற்பாடு அந்தப் பிரிவில் இல்லை. போட்டிருந்தாலும், மறுப்பை ரத்து செய்திருக்கலாமே தவிர, 90 லட்சத்தைக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருக்க முடியாது. காயத்ரி பாலசாமி தீர்ப்பும் அந்த அளவுக்குப் போகவில்லை.


கேட்டவர்

தெளிவாகப் புரிந்தது, ஐயா. தாமத மன்னிப்பு மனுவில், தீர்ப்பு எங்கள் தலைமை அலுவலகத்துக்குத்தான் வந்தது, முடிவெடுக்கும் தலைமைப் பொறியாளர் கைக்கு 02.04.2025 அன்றுதான் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.


பதில் 3: நடுவர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்

அது திருச்சியைச் சேர்ந்த டெக்கோ நிறுவனத்தின் வழக்கிலிருந்து எடுத்த வாதம். ரயில்வே போன்ற பெரிய அமைப்பில், தபால் பிரிவில் ஓர் எழுத்தர் உறையை வாங்கினால் போதாது, அந்த வழக்கை அறிந்து முடிவெடுக்கக்கூடிய அதிகாரியின் கைக்குத் தீர்ப்பு வந்த நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. அவர்கள் சொல்வதை ஏற்றால், மூன்று மாதங்கள் 02.07.2025 வரை நீண்டு, தாமதம் ஏழு நாளாகச் சுருங்கிவிடும். ஆனால் தங்கள் நடுவர் விசாரணையில் நிறுவனத்தின் சார்பில் கையொப்பமிட்டு நடத்தியவர் யார், தீர்ப்பின் நகல் யாருடைய பெயருக்கு அனுப்பப்பட்டது, அன்றைய தினம் ஒப்புகையில் கையொப்பமிட்டவர் எந்தப் பதவியில் இருந்தவர் என்று பாருங்கள். எதிர்வாதத்தில் கையொப்பமிட்ட அதே அதிகாரி தலைமை அலுவலகத்தில் இருந்து அவரே 10.03.2025 அன்று வாங்கியிருந்தால், டெக்கோ தீர்ப்பு அவர்களுக்குக் கைகொடுக்காது. நடுவரிடம் அந்த ஒப்புகைச் சீட்டின் நகலை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.